பை திறக்க நல்ல நேரம்

மாரீஸ்வரியிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். அடுத்த வருஷம் ஆடிப் பதினெட்டு என்ன கிழமை என்று கேளுங்கள், உடனே சொல்லிவிடுவாள். சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் ஏழு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறாள். ஊர் முழுக்க இந்த வருஷத்தில் இருக்க, அவள் மட்டும் எப்போதும் ஒரு வருஷம் தள்ளிக் குடியிருந்தாள். முந்நூற்று அறுபத்தைந்து தாள்களிலும் ராகு காலம், எமகண்டம், திதி, நட்சத்திரம் எல்லாம் சரிதானா என்று பார்த்து, ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷினுக்குப் போகும். ஒருமுறை ஒரு வாரத்து ராகு காலம் முழுக்க இடம் மாறி அச்சாகி, ஊரெல்லாம் தொங்கியது. அந்த வாரமும் கல்யாணம் நடந்தது, கடை திறந்தார்கள், யாருடைய குடியும் மூழ்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு நல்ல நேரத்தில் நம்பிக்கை இல்லை. நம்புகிறவர்களுக்கு நடுவில் வாழ வேண்டும் என்பது வேறு விஷயம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தாளில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. 'பை திறக்க' என்று ஆரம்பிக்கும் வரி.

பை என்றால் கடைக்குக் கொண்டுபோகும் பை இல்லை. செயற்கைக் கருப்பை என்று பேப்பர்காரர்கள் எழுதினார்கள், சனங்கள் முன்னால் இருந்ததை வெட்டிவிட்டு வெறும் பை ஆக்கினார்கள். ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் வலி கண்டு வந்துவிடுகிற குழந்தையை மூச்சு விடவே விடாமல், அப்படியே இளஞ்சூடான நீர் நிறைந்த அந்தப் பைக்குள் மாற்றுவார்கள். தொப்புள்கொடியை மிஷினோடு இணைப்பார்கள். மிச்ச மாதங்களை அது அங்கே மிதந்தபடி முடிக்கும். பிழைக்கவே பிழைக்காது என்று கைவிட்ட குழந்தைகள் எல்லாம் கொழுகொழுவென்று வீட்டுக்கு வந்தன. இதைவிடப் பெரிய நல்ல காரியம் அந்தக் காலத்தில் நடக்கவில்லை என்றே சொல்லலாம்.

சிக்கல் சட்டத்திலிருந்து வந்தது. பையைத் திறந்து குழந்தை முதல் மூச்சு விடும் விநாடிதான் பிறப்பு என்று சட்டம் சொன்னது. மிஷினே அந்த விநாடியைப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடும், யாரும் கை வைக்க முடியாது. சிசேரியனுக்கே நாள் குறித்துக்கொண்டு போகிற சனங்கள் பையைச் சும்மா விடுவார்களா? வளர்ச்சி முடிந்த பிறகும் நல்ல நட்சத்திரம் வரட்டும் என்று காத்திருந்தார்கள். டாக்டர்கள் கத்திப் பார்த்து ஓய்ந்தார்கள். கடைசியில் இரண்டு வாரம் வரை காத்திருக்கலாம் என்று விதி வந்தது. பையைத் திறக்கத் தாயின் கையெழுத்து மட்டுமே செல்லும், வேறு யாரும் தலையிடக் கூடாது என்றும் அதே விதி சொன்னது. அன்றைக்கு அச்சகத்தில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தவள் மாரீஸ்வரிதான்.

அவளுக்கு வலி வந்தது ஒரு வேலை நாளில், காலை எட்டே முக்காலுக்கு. இருபத்து மூன்றாவது வாரம். அடுத்த வருஷத்துப் புரட்டாசியில் இருந்தாள். உட்கார்ந்திருந்த ஸ்டூல் நனைந்தது. தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்து மேஜைக்கடியில் பார்த்தாள். பாட்டில் மூடியோடு நின்றிருந்தது.

ஃபோர்மேன் செல்லையா பதறிப்போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஆம்புலன்ஸ் டிரைவர் நம்பரை எழுதி அவள் கையில் திணித்தார். "போன்ல சார்ஜ் போச்சுன்னா யார்ட்டயாச்சும் காட்டும்மா," என்றார். மதுரைக்குப் போகிற வழி முழுக்க அவள் அந்தத் தாளை நாலாக மடித்துக் கசக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் கணவன் தங்கப்பாண்டி அவள் காலைப் பிடித்துக்கொண்டு, கேட்பார் இல்லாமல் எதையோ சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் ஆறு பைகள் இருந்தன. ஆறிலும் குழந்தை இருந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா," என்றாள் சிஸ்டர் ரெஜினா. பை வார்டுக்கு அவள்தான் பொறுப்பு. "ஒரு பையில பிள்ளை தயாரா இருக்கு. அவங்க வீட்டு ஆளுங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கோம்."

வலிக்கு நடுவே மாரீஸ்வரிக்கு நடையில் நடந்த சண்டை காதில் விழுந்தது. ஒரு ஆண் குரல், "கொஞ்ச நேரம் பொறுத்தா என்ன குடி முழுகிரும்?" என்று கேட்டது. வேறு யாரோ அழுதார்கள். பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், அதிராமல், "பேனாவக் குடுங்க சிஸ்டர்," என்றது.

பதினொன்று இருபத்தைந்துக்கு மாரீஸ்வரியின் குழந்தை அவளை விட்டு வெளியேறிப் பைக்குள் போனது. அரைக் கிலோ கூட இல்லை. உள்ளங்கையில் படுக்க வைத்தால் மிச்சம் இடம் இருக்கும். பெண் குழந்தை. ரெஜினா சேர்க்கை எண்ணை எழுதக் காகிதம் தேடினாள். மாரீஸ்வரியின் விரல்களைப் பிரித்து, அந்தத் தாளை எடுத்து, டிரைவர் நம்பருக்குக் கீழே எழுதி, திரும்ப மடித்துக் கொடுத்தாள்.

"யாரு சிஸ்டர் அந்தப் பொண்ணு?"

"பேர் சொல்லக் கூடாதும்மா. பாப்பாவத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க," என்றாள் ரெஜினா.

ஒரு நன்றி கூடச் சொல்லவில்லையே என்று மாரீஸ்வரிக்கு அன்று முழுக்க அரித்தது. மறுநாள் மறந்துவிட்டாள்.

அதன் பிறகு வந்த நூற்று ஒன்பது நாட்களை எப்படிச் சொல்வது? பிள்ளை பெற்றவளா என்று கேட்டால் இல்லை. பிள்ளைத்தாச்சியா என்றால் வயிறு இல்லை. குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்று சட்டம் சொன்னதால் பிரசவ லீவு கிடையாது. பன்னிரண்டாம் நாள் மறுபடி புரட்டாசி மாதத் தாள்கள் முன்னால் உட்கார்ந்தாள். மார்பில் பால் கட்டிக் கனத்து வலித்தது. கழிவறையில் நின்று பீய்ச்சி விட்டுவிட்டு வந்து எமகண்டம் சரிபார்த்தாள். தீட்டு உண்டா இல்லையா என்று அக்கம்பக்கத்துப் பெண்களுக்குள் தகராறு வந்தது. பிறக்காத பிள்ளைக்கு ஏது தீட்டு என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்குப் போவாள். கூடவே தங்கப்பாண்டியின் அக்கா பாக்கியம் வருவாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏழாம் மாதக் கணக்கு வந்தபோது வளையல் போடுவதா வேண்டாமா என்று வீட்டில் எல்லோரும் முழிக்க, பாக்கியம்தான் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்து மாரீஸ்வரிக்கு மாட்டிவிட்டாள். "வயிறு இங்கன இல்லாட்டி என்ன, காது அங்கன இருக்குல்ல," என்றாள். பை முன்னால் நின்று மாரீஸ்வரி கையை ஆட்டினாள். நீருக்குள் குழந்தை தலையைத் திருப்பியது. பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பாக்கியத்தின் நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். இருபது வயதிலிருந்து அவளுக்குத் தாய் இல்லாத மாப்பிள்ளையாகத் தேடினார்கள். ஒருவன் கிடைத்தான். பூ வைக்கிற அன்றைக்கு, அவனைச் சின்னம்மா ஒருத்தி எடுத்து வளர்த்தது தெரியவந்து, அவளும் மாமியார்தானே என்று அதுவும் நின்றுபோனது. பிறகு தேடுவதை விட்டுவிட்டார்கள்.

முப்பத்தேழு வாரம் முடிந்ததும் குழந்தை தயார் என்று டாக்டர் சொன்னார். ஜோசியர் மகம் நட்சத்திரம் சொன்னார். மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வீட்டில் எல்லோரும் இவ்வளவு நாள் தாங்கியிருக்கிறார்கள், இன்னும் பத்து நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று தலையாட்டினாள். குறித்த நாளில் ஆயில்யம் இரவு ஏழு முப்பத்தெட்டுக்கு முடிந்து மகம் தொடங்கும். ஏழு நாற்பத்தைந்துக்குத் திறப்பது என்று ஏற்பாடு.

அன்று மதியம் இரண்டே காலுக்கு, பை வார்டுக்கு வெளியே பெஞ்சில் மாரீஸ்வரியும் தங்கப்பாண்டியும் பாக்கியமும் காத்திருக்க, ரெஜினா வந்து அவர்கள் எதிரே உட்கார்ந்தாள். வழக்கமாக நின்றுகொண்டே பேசுகிறவள் அவள்.

"மாரீஸ்வரி, கீழ ஒரு பொண்ணு வந்திருக்கு. நாகலட்சுமின்னு பேரு. இருபத்து மூணு வாரம். வலி பிடிச்சிருச்சு."

மாரீஸ்வரி பை இருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மத்த அஞ்சு பையையும் தொட முடியாது. எல்லாம் முப்பது வாரத்துக்குக் கீழ. உங்க பாப்பா தயாரா இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டா இப்பவே திறந்துரலாம். ஆனா பையக் கழுவி, புது நீர் நெரப்பி, சூடேத்த நாப்பது நிமிஷம் ஆகும். அதுக்கு முன்னாடி பிரசவம் ஆயிருச்சுன்னா ஒன்னும் செய்ய முடியாது."

"வேற ஆஸ்பத்திரில கேட்டீங்களா?" என்றான் தங்கப்பாண்டி.

"கேட்டாச்சு. எங்கயும் காலி இல்ல. பாதி இடத்துல உங்கள மாதிரிதான், தயாரான பிள்ளைய வச்சுக்கிட்டு ராத்திரி மகத்துக்குக் காத்திருக்காங்க. ஆயில்யத்துல ஒருத்தரும் திறக்க மாட்டேங்குறாங்க."

"நீங்களே நேரத்த மாத்திப் போட்டுக்கக் கூடாதா?"

"மிஷின் என் பேச்சக் கேக்காது தம்பி. திறந்த விநாடி பதிவாயிரும்."

தங்கப்பாண்டி மாரீஸ்வரியைப் பார்த்தான். "உன் இஷ்டம்," என்றான். அவன் நல்லவன். நல்லவர்கள் இந்த மாதிரி நேரத்தில் இப்படித்தான் சொல்வார்கள்.

"வலிய நிறுத்த ஊசி இருக்குல்ல சிஸ்டர்?" மாரீஸ்வரி கேட்டாள். "ஏழு மணி வரைக்கும் தாங்குமா?"

"போட்டிருக்கோம். தாங்கலாம், தாங்காமலும் போகலாம். பொய் சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன். சட்டப்படி நான் கட்டாயப்படுத்தவும் கூடாது." ரெஜினா படிவத்தையும் பேனாவையும் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள்.

மாரீஸ்வரி பேனாவை எடுத்துவிட்டாள். அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

பக்கத்தில் இருந்த பாக்கியம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாரி, என்னய இதுவரைக்கும் யாரும் வைதது இல்ல, தெரியுமா? எல்லாரும் பாவம்னுதான் சொன்னாக. இருபது வயசுல இருந்து பாவம், பாவம். அது போதும் ஆளக் கொல்ல." அவள் குரல் உயரவே இல்லை. "அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டிருக்காகல்ல. அஞ்சு மணி நேரந்தான. என்னய மாதிரி இன்னொருத்தி நம்ம வீட்டுல வேணாம் தாயி."

நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லாதவள் மாரீஸ்வரி. ஆனால் பாக்கியம் கண்முன்னால் இருந்தாள். கண்டாங்கிச் சேலையைத் தூக்கிச் செருகி, நரை ஓடிய முடியைக் கொண்டையாகப் போட்டு, அடுத்தவள் பிள்ளைக்குத் தலைகாணி தைத்து எடுத்து வந்திருந்தாள். நட்சத்திரம் பொய்யாக இருக்கலாம், அது இவளுக்குச் செய்தது பொய்யில்லை. கீழே இருப்பவளை மாரீஸ்வரி இன்னும் பார்க்கவில்லை. அவளுக்கு ஊசி இருக்கிறது, டாக்டர்கள் இருக்கிறார்கள், தாங்கினாலும் தாங்கும். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கி, பேனாவை மூடி வைத்தாள்.

மணி மூன்று ஆனது. மூன்றரை ஆனது. தங்கப்பாண்டி டீ வாங்கி வந்தான், யாரும் குடிக்கவில்லை. நாலேகாலுக்கு உட்கார முடியாமல் எழுந்து கீழே போனாள்.

நாகலட்சுமிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கால் பக்கம் கட்டிலை உயர்த்தி, தலை தாழப் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, இமை தவிர எதையும் அசைக்காமல் கிடந்தாள்.

"நீங்க பை வார்டாக்கா?" என்று கேட்டாள். மாரீஸ்வரியின் கையிலிருந்த வார்டு அட்டையைப் பார்த்திருப்பாள். "உங்க பிள்ளைக்கு எத்தன வாரம்?"

"முப்பத்தெட்டு."

"நல்லா இருக்கா?"

"ம்."

"எனக்கும் ஒன்னு காலியாகப் போகுதாம்க்கா. ஏழே முக்காலுக்கு மேல கிடைச்சிரும்னு நர்சு பேசிக்கிட்டாங்க. அதுவரைக்கும் அசையாமப் படுத்திருக்கேன். இருமல் வந்தாக்கூட அடக்கிக்கிறேன்." அவள் சிரிக்கப் பார்த்து, சிரித்தால் அசைந்துவிடுவோமோ என்று நிறுத்திக்கொண்டாள். "இருந்துருவேன்லக்கா?"

மாரீஸ்வரி திரும்பினாள். படியேறி ஓடினாள். இத்தனை வாரமாகக் கழற்றாத வளையல்கள் கைப்பிடிச் சுவரில் இடித்து நாலைந்து உடைந்தன. பெஞ்சில் கிடந்த படிவத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பாக்கியம் இந்தத் தடவை மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. நாலு முப்பத்தைந்து.

ரெஜினா படிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கையுறை மாட்டும் சத்தம் கேட்டது. டாக்டரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு போன் அடித்தது.

திரும்பி வந்தபோது ரெஜினா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பிரசவம் ஆயிருச்சு."

"இப்பவே திறங்க சிஸ்டர். கையெழுத்துப் போட்டுட்டேன்ல."

"நாப்பது நிமிஷம் வேணும்மா. அந்தப் பிள்ளைக்கு அஞ்சு நிமிஷங்கூட இல்ல." ரெஜினா படிவத்தைத் திருப்பி அவள் கையில் கொடுத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. "உங்க நேரத்துக்கே திறந்துக்கலாம். இனி அவசரம் ஒன்னும் இல்ல."

ஏழு நாற்பத்தைந்துக்குப் பை திறந்தது. நீர் வடிந்தது. இரண்டேமுக்கால் கிலோ பெண் குழந்தை முகத்தைச் சுளித்து, கை இரண்டையும் விரித்து, காற்றை இழுத்து வீறிட்டது. தங்கப்பாண்டி சுவரில் சாய்ந்து குலுங்கினான். "வாடி என் ராசாத்தி, மகத்துல வந்தவளே," என்று பாக்கியம் துண்டை விரித்து ஏந்தினாள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மாரீஸ்வரி அதற்கு முன் பார்த்ததில்லை. குழந்தையை மார்போடு வைத்தார்கள். சூடாக இருந்தது. நூற்று ஒன்பது நாள் கண்ணாடி வழியாகப் பார்த்த விரல்கள் அவள் சங்கிலியைப் பிடித்து இழுத்தன. சந்தோஷம் வந்தது. வரத்தான் செய்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வார்டுக்கு மாற்றும்போது லிஃப்ட் பக்கம் ஒரு ஆள் நின்றிருந்தான். லோடு ஆட்டோக்காரர்கள் போடுகிற காக்கிச் சட்டை. கையில் ஒரு வெள்ளைத் துண்டு மூட்டை, சாப்பாட்டுப் பொட்டலம் அளவுதான் இருக்கும். நாகலட்சுமியின் புருஷன் என்று யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. மாரீஸ்வரியின் கையிலிருந்த குழந்தையைப் பார்த்து அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

"பொம்பளப் பிள்ளையாக்கா?"

"ஆமா."

"என்ன நட்சத்திரம்?"

"மகம்," என்றாள் பாக்கியம், பின்னாலிருந்து.

"நல்லா இருக்கட்டும்," என்றான் அவன்.

வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆகியிருக்கும். பாக்கியம் குழந்தையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் பாட்டுக்கூடப் பாடுகிறாள். பதிவாளர் அலுவலகத்துச் சான்றிதழ் வந்து, ஜாதகமும் எழுதி, மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாயிற்று. மாரீஸ்வரி பிரசவ லீவுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். 'ஆஸ்பத்திரிச் சேர்க்கை எண்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த எண் எங்கே என்று யோசித்து, மணிபர்ஸின் உள்ளறையைத் துழாவினாள். நாலாக மடித்த காகிதம் அகப்பட்டது. மேலே செல்லையாவின் கோணல் எழுத்தில் டிரைவர் நம்பர், கீழே ரெஜினாவின் எழுத்தில் சேர்க்கை எண். பார்த்து எழுதினாள்.

எழுதி முடித்து, காகிதத்தை மடிப்பதற்கு முன்னால் கை தானாக அதைத் திருப்பியது. ஏழு வருஷப் பழக்கம், தாளைப் பார்த்தால் முன்பக்கம் படித்தாக வேண்டும்.

நட்சத்திரம்: ஆயில்யம் பகல் 1.12 வரை, பிறகு மகம்.

பதினொன்று இருபத்தைந்து. அவள் உடம்பை விட்டு அவள் மகள் வெளியே வந்தது பதினொன்று இருபத்தைந்துக்கு. சட்டம் சொன்னதையும் ஜோசியர் சொன்னதையும் கேட்டுக்கொண்டிருந்தார்களே தவிர, அந்த நாளை ஒருத்தரும் ஒரு நாளாக எண்ணவே இல்லை. வேலி போட்டு மறித்த நட்சத்திரம் முன்னாலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அவள் கண் அடுத்த வரிக்கு இறங்கியது.

பை திறக்க: பகல் 1.12க்கு மேல்.

நடையில் அன்றைக்கு நடந்த சண்டை மறுபடி காதில் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்தா என்ன என்று அந்த ஆண் குரல் கேட்டது இரண்டரை மணி நேரத்தை. வெறும் இரண்டரை மணி நேரம். அந்தச் சின்னப் பெண்ணுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், அந்த வீட்டிலும் ஒரு பாக்கியம் இருந்திருக்கலாம். அவள் பேனாவைக் கேட்டாள். இப்போது எந்த ஊரிலோ ஒரு குழந்தை ஆயில்யத்துச் சான்றிதழோடு வளர்ந்துகொண்டிருக்கும்.

முற்றத்தில் குழந்தை தண்ணீரை உதைத்துச் சிணுங்கியது. "மாரி, துண்ட எடுத்துட்டு வா," என்று பாக்கியம் கூப்பிட்டாள்.

மாரீஸ்வரி தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை, எழுத்து எழுத்தாக, வேலையில் பார்க்கிற மாதிரி பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பிழை ஏதுமில்லை என்று போன வருஷம் இந்தத் தாளுக்குக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.